முன்னறைக்கு இரண்டு பூட்டு

என் சக்கரக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

நீ ஓடைத் தண்ணீரோடு போன பிறகுதான் சர்க்கார் நம் சந்துக்கு அங்கன்வாடி தந்தது. இடமில்லை என்றார்கள். நீ விளையாடின முன்னறையை வாடகை வேண்டாமென்று கொடுத்தேன். அப்பாவும் தலையாட்டினார். மத்தியானம் பிள்ளைகள் பாயில் வரிசையாக உறங்கும் நேரம், ஆரியசாலை மிளகாய்க் கடையில் நிம்மதியாக மிளகாய்க் காம்பு கிள்ளுவேன்.

இன்று வந்து பார்த்தால் அறை நிறைய மிளகாய் மூட்டை. பாயெல்லாம் மழையில் கிடக்கிறது. டீச்சர் ரேஷ்மி பிள்ளைகளோடு தெருவில் நின்று அழுகிறாள். "சேச்சி, இதுங்கள நான் எங்க கொண்டு போவேன்?"

என் முதலாளிக்கே அறையை வாடகைக்கு விட்டுவிட்டார் உன் அப்பா. கேட்டால், "செத்துப்போன பிள்ளைக்கு எதுக்குட்டி ரூம்?" என்கிறார். மூட்டைகளுக்கு இரண்டு பூட்டு. போட்டுவிட்டு இழுத்து இழுத்துப் பார்க்கிறார்.

நீ போன அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். உன்னை வீட்டுக்குள் விட்டு, கதவை வெளியே தாழ்போட்டுத்தான் டீ குடிக்கப் போனதாகச் சொன்னார். யாரோ திறந்திருப்பார்கள் என்றார். நானும் நம்பினேன்.

அவர் தாழ் போட்டாரா, மக்கா?

உன் அம்மா