ஏற்றத்தில் நிற்காத பிரேக்

செம்மேடு
10.3.2025

என் அன்புக் கணவருக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே நலம். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். இந்தத் தாலுகா ஆபீஸுக்கு நான் மாற்றலாகி வந்து ஒரு வருடம். நீங்கள் ஒருமுறைகூட மலையேறவில்லை. இப்போது ஈஸ்டருக்கு அந்த 1928 மாடல் காரில் வருகிறேன் என்கிறீர்கள். பின்சக்கரத்தில் மட்டும் பிரேக் உள்ள வண்டிக்குக் கொல்லிமலை வளைவுகள் கேட்கிறதா? பஸ்ஸில் வாருங்கள். இந்த முறையும் வராவிட்டால் இங்கேயே தனியாக இருந்துவிடுவேன்.

உங்கள் ஜெசிந்தா

சேலம்
24.3.2025

அன்பு ஜெசிந்தாவுக்கு,

கோபத்தில் எழுதினாலும் உன் கையெழுத்து அழகுதான். பயப்படாதே. சக்கரத்தோடு சுற்றும் அந்தக் காலத்து டிரம்முக்குள், அதை அழுத்திப் பிடிக்க இரண்டு பிரேக் ஷூ இருந்தும் ஒன்றுதான் நன்றாகக் கவ்வும்; இன்னொன்றைச் சுற்றுகிற டிரம்மே தள்ளிவிடும். நான் இரண்டுமே கவ்வும்படி மாற்றி, புது லைனிங்கும் ஒட்டிவிட்டேன். என் பட்டறை முன்னால் மிதித்ததும் ஆணி அடித்தாற்போல் நின்றது. கட்டாயம் வருவேன்.

உன் ஜான்பீட்டர்

சேலம்
29.4.2025

அன்பு ஜெசிந்தாவுக்கு,

பஸ்ஸில் பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் எதிரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி, மேலிருந்து இறங்கிய பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒரு வளைவில் நிறுத்தினேன். பிரேக்கை மிதித்தபடி இருக்கும்போதே வண்டி பின்னால் உருண்டது. முன்னால் ஓடும்போது கவ்வுகிற இரண்டு ஷூவும் பின்னால் உருளும்போது சேர்ந்து நழுவுகின்றன. பின்னால் ஓட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த பஸ்ஸில் சந்தைக்குப் போகக் காத்திருந்த விவசாயி சென்றாயன், தன் குச்சிக்கிழங்கு மூட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "ஸ்டீரிங்கைத் திருப்பாதீங்க சாமி, மூட்டை புடிச்சுக்கும்" என்றார். பிடித்துக்கொண்டது. கிழங்கு கூழாகிவிட்டது, பஸ்ஸும் போய்விட்டது. அவர் முகம் சுளிக்கவில்லை. டிராக்டரில் காரை இழுத்துப் போய்த் தன் வாசலில் நிறுத்திக்கொண்டார்.

அவருக்கும், ஒரு வார்த்தை திட்டாமல் சோறு போட்ட உனக்கும் என்ன கைம்மாறு செய்வேன்? ஒரு ஷூவைப் பழையபடி மாற்றப்போகிறேன். காரை இறக்கிவர லாரிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் ஜான்பீட்டர்

செம்மேடு
6.5.2025

என் அன்புக் கணவருக்கு,

திட்டாதது கோபம் இல்லாததால் அல்ல. உயிரோடு எதிரில் நின்றீர்களே, அதற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லவே எனக்கு வாய் போதவில்லை.

ஞாயிறன்று சென்றாயன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கண்ணாயி உங்கள் கார்மேல் பாய் விரித்து மிளகு காயவைத்திருக்கிறார். நன்றி சொன்னேன். "நம்ம ரோட்டுல வந்தவங்களை நாமதானுங்க பாக்கோணும்" என்றார் கண்ணாயி. அங்கேயே அழுதுவிட்டேன்.

லாரி வேண்டாம். கருவிகளை எடுத்துக்கொண்டு நீங்களே வந்து ஷூவை மாற்றுங்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். சேலம் வரை பக்கத்தில் நானும் உட்கார்ந்து வருகிறேன், மடியில் சக்கரத்துக்கு வைக்க ஒரு பெரிய கல்லோடு.

உங்கள் ஜெசிந்தா