ராத்தா திரும்பப் பெற்ற கட்டுரை

கோபத்தோடுதான் எழுதுகிறேன், என் ராத்தா, கூடப் பிறக்காத என் அக்கா. ஆனாலும் ஸலாம் முதலில்.

நேற்று உங்களுக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். பல்கலைக்கழக வளாகத்து மண்டபம் நிறைந்த சனம். சாய்ந்தமருதிலிருந்து உங்கள் உம்மாவையும் வேனில் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள். மேடையில் உங்கள் படம், பக்கத்தில் ஆளுயரப் பதாகை. அதில் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? உங்கள் எலிக்காய்ச்சல் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு. அதை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண், தங்க நிறத்தில்.

நீங்கள் திரும்பப் பெற்ற அதே கட்டுரை! ‘இது பிழை, இதை நம்பாதீர்கள்’ என்று நீங்களே ஆய்விதழுக்கு எழுதிக் கொடுத்த கட்டுரை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலைமை தாங்கியவர் யார் என்கிறீர்கள்? நம் துறைத் தலைவரேதான். நீங்கள் அதைத் திரும்பப் பெற்ற அன்றைக்கு, “ஒருத்தரும் கேக்கல்லயே டொக்டர், நீங்களா ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கிறீங்க?” என்று சிரித்தவர். பிறகு, அந்தக் கட்டுரையைக் கழித்துவிட்டு, மேற்கோள் போதாது என்று உங்கள் பேராசிரியர் பதவி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவர். உயிரோடு இருந்தபோது கழித்ததை மௌத்தானதும் கூட்டிக்கொண்டார். வெட்கம் கெட்ட மனிதர்.

நான் எழுந்து நின்றேன். “சேர், அந்தக் கட்டுரைய ராத்தா வாபஸ் வாங்கிட்டாங்க. அதப் போடப்படா.”

அவர் ஒலிவாங்கியைக் கிட்டே பிடித்துக்கொண்டு, “மௌத்தானவங்கட குறையக் கதைக்கப்படா புள்ள. இரிங்க” என்றார். “ஓம், ஓம்” என்று சபையே தலையாட்டியது.

குறையா? உங்கள் வாழ்நாளில் நீங்கள் செய்த ஆகப் பெரிய காரியம் அதுதான். அதைக் குறை என்று போர்த்தி மூடுகிறார்கள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி. நானும் இருந்துவிட்டேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அங்கே விழுங்கியதை இங்கே சொல்கிறேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

நீங்கள் அந்தக் கட்டுரை எழுதிய வருடம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கள் வீட்டு பிரிட்ஜ் பழுது. நாலு வீட்டில் அறுத்த குர்பான் இறைச்சி வந்து குவிந்துவிட்டது. கெட விடுவதா? ஒரு பெரிய பையில் கட்டி, நம் ஆய்வுகூட பிரீசரில், வயல்காரர்களிடம் ஆய்வுக்கு எடுத்த இரத்த மாதிரிக் குழாய்களுக்குப் பக்கத்தில் திணித்துவிட்டு லீவில் போனேன். கதவு சரியாக மூடவில்லை. திரும்பி வந்தபோது தரையெல்லாம் தண்ணீர், அறையெல்லாம் நாற்றம், குழாய்கள் அத்தனையும் உருகிக் கிடந்தன. கழுவித் துடைத்தேன். குழாய்கள் மறுபடி உறைந்ததும், பிரீசர் குளிரைக் குறிக்கும் ஏட்டில் நாலு நாளுக்கும் வழக்கமான அளவையே பொய்யாக எழுதிவைத்தேன்.

அந்தக் கெட்ட இரத்தத்தைப் பார்த்துத்தான் நீங்கள் எழுதினீர்கள், எலிக்காய்ச்சலை எதிர்க்கும் சக்தி வயல்காரர் உடம்பில் சீக்கிரமே வற்றிவிடுகிறது என்று. உங்களுக்கு என்ன தெரியும்? கட்டுரை பேர் வாங்க வாங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வருடம் கழித்துத்தான் உங்கள் முன்னால் வந்து அழுதேன்.

“கதவு எத்தின நாள் திறந்து கிடந்த?”

“நாலு நாள், ராத்தா.”

அவ்வளவுதான் கேட்டீர்கள். அன்றைக்கே ஆய்விதழுக்குக் கடிதம் போனது. ‘மாதிரிகளைப் பாதுகாத்ததில் தவறு என்னுடையது’ என்று அதில் ஒரு வரி. என் பெயர் எங்கே? கேட்டதற்கு, “உனக்கு மூணு புள்ள. வேலையும் போனா என்ன செய்வாய்? கட்டுரையில என்ட பேர்தானே இருக்கி” என்றீர்கள். அந்த வரிக்காக உங்கள் மேலும் எனக்குக் கோபம். என்னைக் காப்பாற்றிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

பயன் தரும் கல்வி அடக்கம் செய்த கப்ருக்கும் நன்மை கொண்டுவரும் என்று சின்னதில் ஓதினோமே. பிழையான கல்வி எதைக் கொண்டுவரும்? போன மாதமும் எங்கோ ஒருவர் அந்தக் கட்டுரையை நம்பி மேற்கோள் காட்டியிருக்கிறார். அது உங்கள் கணக்கிலா, என் கணக்கிலா?

கூட்டம் முடிந்து வேனில் ஏறும்போது உம்மா என் கையைப் பிடித்தார். “என்ன குறை மகள் அது? என்ட புள்ள என்ன செஞ்ச?” என்று கேட்டார். ராத்தா, நான் அழுதேன், அழுதுகொண்டே வேன் கதவைச் சாத்திவிட்டேன்.

இன்று மாலை அஸர் தொழுதுவிட்டு உம்மாவிடம் போகிறேன். “குறை உங்கட மகள்ட இல்ல, என்ட” என்று சொல்லப் போகிறேன். இறைச்சிப் பை முதல் எல்லாவற்றையும் சொல்வேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். பிறகு, அந்தக் கட்டுரையை நம்பியவர்களை ஒவ்வொருவராகத் தேடி எழுதுவேன். வேலை போனால் போகட்டும். நீங்கள் எழுதாமல் விட்ட பெயரை நானே போடுகிறேன்.

பிரீசர் கதவைத் திறந்து போட்ட உங்கள் தங்கச்சி,
நஸீஹா
ஆய்வுகூட உதவியாளர், கல்முனைக்குடி