மணிச் சத்தம் எட்டும் மட்டும்

சேசு மரி சூசை துணை
அட்டன்
24.1.1949

அன்புள்ள இசபெல் அக்காவுக்கு, தம்பி கஸ்பர் எழுதுவது. நான் சுகம். ரொட்டிக்காரரிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய தேயிலைத்தூள் வந்தது. பாதிக்குமேல் குச்சி. நல்ல தூளெல்லாம் கப்பலேறிவிடுகிறது போலிருக்கிறது.

நாடு சுதந்திரம் பெற்ற நாள் பிப்ரவரி நான்காம் தேதி திரும்பி வருகிறது. அன்று சாயங்காலம் கோயில் மணியை நீளமாக அடித்து, அட்டன் நகரத்துக்காகச் செபிக்க வேண்டும் என்று சுவாமியார் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குப் பிறகு அந்தக் கயிறு என் கையில்தானே? போன வருஷம் உள்ளங்கை தோல் உரிய அடித்தேன். அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே, கடல் தாண்டி வந்த நம் தோட்டத்துச் சனம் இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று சட்டம் போட்டுவிட்டார்கள்.

ஆகையால் இந்த முறை திருநாள் மணி கிடையாது. சாவு மணி அடிக்கப்போகிறேன். அதைக் கேட்டால், யாருக்கு என்றுகூடக் கேட்காமல் ஊரே நின்று செபிக்கும். செபித்து முடித்துவிட்டு, செத்தது யார் என்று என்னிடம் கேட்கட்டும். நான் சொல்கிறேன்.

உங்கள் தம்பி,
கஸ்பர்


மேமலைத் தோட்டம்
28.1.1949

அன்புத் தம்பி கஸ்பருக்கு,

பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போனவர்களின் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிறேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு அறை வைத்திருப்பேன். யார் செத்தது? நான் சாகவில்லை. நம் ஆட்கள் யாரும் சாகவில்லை. சட்டம் போட்டவன் செய்ய நினைக்கிற காரியத்தை நீயே செய்து கொடுக்கிறாயா?

அந்த மணியை மந்திரித்த அன்று பழைய சுவாமியார் சொன்னதை மறந்துவிட்டாயா? மணி அடித்தால் ஊரே வாய்திறந்து செபிக்கிறதாக அர்த்தம், அதன் சத்தம் எட்டும் மட்டும் எல்லாரும் அந்தச் செபத்துக்குள் என்றார். பள்ளத்தாக்கைத் தாண்டி எங்கள் மேட்டு லயத்து வீடுகள்வரை எட்டுகிறது. எந்த அரசாங்கக் கச்சேரிக்காரன் வந்து அதை மறிப்பான்?

திருநாள் மணியே அடி. நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று அடி. கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்களையெல்லாம் நிறுத்திவைக்கிறேன். கொழுந்து பறிக்கிற அழகம்மாகூட நெற்றி நிறைய விபூதியோடு வந்து, "உங்க செபம் எனக்குத் தெரியாதுக்கா, ஆனா நானும் நிப்பேன்" என்கிறாள்.

தூளைக் குறை சொன்னாயே, அடுத்த முறை அதுவும் கிடையாது.

அக்கா,
இசபெல்


அட்டன்
2.2.1949

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே திருநாள் மணிதான் என்று முடிவு செய்திருந்தேன். நேற்று கோயில் சங்கத்துச் செயலாளர், கடைக்கார அலோசியஸ் ஐயா வந்தார். "கஸ்பர், தப்பா எடுத்துக்காதீங்க. கச்சேரியிலேருந்து பெரியவங்க வர்றாங்க. பிரஜை இல்லாத ஆளு அன்னைக்குக் கயிறப் புடிச்சா பேச்சு வரும். ஒருநாள் ஒதுங்கிக்கிங்க" என்றார். மணிக்கோபுரச் சாவியைக் கொடுத்துவிட்டேன். அவருடைய மருமகன் அடிப்பாராம்.

சண்டை வேண்டாம் அக்கா. ஒருநாள்தானே.

கஸ்பர்


மேமலைத் தோட்டம்
5.2.1949

தம்பிக்கு,

நேற்றுச் சாயங்காலம் பெண்கள் கூடையை இறக்கிவைத்ததும் எல்லாரும் நின்றோம். மணி வந்தது. நொண்டி நொண்டி வந்து, பாதியில் நின்றும்போனது. உன் கை இல்லை என்று எனக்கு உடனே தெரிந்தது. "அவ்வளவுதானாக்கா?" என்று அழகம்மா கேட்டாள்.

நேரே ஆபீசு வாசலுக்குப் போனேன். காலையில் ஆட்களைக் கூட்டுகிற பெரட்டு மணி அங்கேதானே தொங்குகிறது. அப்பா நம் இரண்டு பேருக்கும் பழக்கினாரே, அதே அடி அடித்தேன். லயத்துச் சனமெல்லாம் வெளியே வந்துவிட்டது. கணக்கப்பிள்ளை ஓடிவந்து, "இந்நேரத்துல பெரட்டுக்கு யாரு மணி அடிச்சது?" என்று கத்தினார்.

"பெரட்டுக்கு இல்லைங்க. அட்டனுக்காகச் செபம் பண்றோம். உங்களுக்கும் சேர்த்துத்தான். தொப்பியக் கழட்டுங்க" என்றேன்.

கழற்றினார் தம்பி! அட்டன் கடைத்தெருவுக்காக, ஸ்டேசனுக்காக, அலோசியஸுக்காக, எங்களை வேண்டாம் என்று எழுதினவர்களுக்காகக்கூடச் செபித்தோம். எங்கள் ஊருக்கு நாங்கள் செபிக்காமல் வேறு யார் செபிப்பது?

செவ்வாய்க்கிழமை காலையில் தோட்டத்துத் துரை என்னை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார். வேலையிலிருந்து பேர் வெட்டுவார் என்கிறார்கள். வெட்டட்டும். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, உன்மேல்தான் கோபம். சாவியைப் பறித்திருந்தால் பொறுத்திருப்பேன். நீ கொடுத்திருக்கிறாய். திரும்பக் கயிற்றைப் பிடிக்கும்வரை எனக்குக் கடிதம் எழுதாதே.

இசபெல்


அட்டன்
7.2.1949

என் அக்காவுக்கு,

கயிற்றைப் பிடிக்காமல்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் கோயிலுக்கு எதிரே ரோட்டில் நின்றிருந்தேன். மலையிலிருந்து, அப்பா பழக்கிய அடியிலேயே, உங்கள் மணி வந்தது. சுவாமியார் வாசலுக்கு வந்து, "இது எந்தக் கோயில்?" என்று கேட்டார். "எங்க அக்கா, சாமி" என்றேன். அது அடித்து ஓயும்வரை அவர் உள்ளே போகவில்லை. கச்சேரிக்காரர்களும் நின்றார்கள்.

இன்று காலை அலோசியஸ் ஐயா சாவியோடு வந்தார். "இனி நீங்களே அடிங்க கஸ்பர். சுதந்திர நாளு ஒண்ணு மட்டும் வேணாம்" என்றார். "எல்லா நாளும் அடிப்பேன். இல்லாட்டி எந்த நாளும் அடிக்க மாட்டேன்" என்றேன். சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த கயிறு அது. அழுகை வந்தது. ஆனாலும் வாங்கவில்லை.

இதை ரொட்டிக்காரரிடம் இன்றே கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். துரை முன்னால் நீங்கள் தனியாக நிற்க வேண்டாம். அவர் என்ன சொன்னாலும் சரி, சாயங்காலம் அந்தப் பெரட்டு மணியை நாம் இரண்டு பேரும் அடிப்போம்.

உங்கள் தம்பி,
கஸ்பர்