உன் பெயரில் இருக்கும் வண்டி

மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், இதைப் படித்து முடிக்கும் வரையிலாவது. நான்கு நாளாக நீ கூப்பிட்டும் நான் போனை எடுக்காததற்கு உடம்பு காரணமில்லை. போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை பேசிவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உன் தங்கை வீட்டுக்காரர் ஒரு ஆளோடு வந்து நின்றார். வந்த ஆள் எனக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரைக் காலால் எத்திப் பார்த்தார். பழைய வண்டி வாங்கும் தரகராம். மாப்பிள்ளை, "மச்சான்தான் அனுப்புனாரு அத்தை, உங்ககிட்ட பேசிட்டேன்னு சொன்னாரே" என்றார். நீ எப்போது என்னிடம் பேசினாய்? தரகர் பானெட்டைத் தட்டி, பதினெட்டு வயது ஆகிவிட்டதே, இனி இது வண்டி இல்லை, இரும்பு என்றார். உங்களுக்கு என்ன வயது என்று கேட்டேன். ஐம்பத்தாறு என்றார். அப்படியானால் உங்களை எந்த இரும்புக் கடையில் போடலாம் என்று கேட்டேன். மாத முடிவில் பேப்பரோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி உன் பெயரில் இருக்கிறது என்ற தைரியம் அவருக்கு. உனக்கும் அதே தைரியம்தான். முதல் வேலை கிடைத்த பூரிப்பில் நீ வாங்கினாய், உண்மை. வாங்கிய இரண்டாம் வருடமே விமானம் ஏறிவிட்டாய். அன்றிலிருந்து அதன் அடியில் படுத்து எழுந்தவள் நான்.

நீ மாப்பிள்ளையிடம் சொன்ன காரணத்தை அவர் போகும்போது சொன்னார். வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது, அப்பாவால் தாங்க முடியவில்லை, போனில் அழாத குறையாகச் சொன்னார் என்று. உன் அப்பாவுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம், ஸ்குரூ போட்ட எலும்பு ஒட்டும்வரை அதிர்வே கூடாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். வாரம் இரண்டு முறை, முக்கால் மணி நேரப் பாதை, பிசியோதெரபிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். ஒரு நாளாவது வலிக்கிறது என்று என்னிடம் வாய் திறந்தாரா? உள்ளே போய்க் கேட்டேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "உங்கிட்ட சொன்னா நீ வண்டிக்கு வக்காலத்து வாங்குவ" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தேன், மாத்திரை கொடுத்தேன், பேசவில்லை.

வாடகைக் காரில் போகலாமே என்று நீ சொல்வாய், சொல்லியும் இருக்கிறாய். போன மாதம் நான் காய்ச்சலில் படுத்த அன்று அப்படித்தான் போனார். அந்த டிரைவர் போனில் பேசிக்கொண்டே வேகத்தடையைப் பார்க்காமல் ஏற்றி இறக்கினதில் உன் அப்பா இரண்டு நாள் கட்டிலைவிட்டு எழவில்லை. உனக்கு அது தெரியாது, நீ கவலைப்படுவாய் என்று மறைத்தோம். இனிமேல் எதையும் மறைப்பதாக இல்லை, நீயும் கொஞ்சம் கவலைப்படு.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். நான் உன் அப்பாவின் சீட்டில், அவர் சாய்கிற அளவுக்குச் சாய்ந்து, அவர் வைக்கிற தலையணையை வைத்து உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஓட்டுகிறவளுக்குக் குழி முன்னாலேயே தெரியும், கை ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும், உடம்பு தானாகத் தயாராகிவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு எல்லாம் திடீரென்றுதான் வருகிறது. பெரிய குழியில்கூட இவ்வளவு இல்லை, தார் வெடித்த சின்னச் சின்னக் கோடு ஒவ்வொன்றும் முதுகில் சுத்தியலால் தட்டுவது போல இருந்தது. நல்ல முதுகு உள்ள எனக்கே அப்படி. மார்க்கெட் தாண்டுவதற்குள் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். மாப்பிள்ளை பயந்துபோய், நான் மெதுவாத்தானே அத்தை ஓட்டினேன் என்றார். அவர் மேல் தப்பு இல்லை.

உடனே எல்லாரும் சொல்வது ஷாக் அப்சார்பர். நீயும் அதைத்தான் சொல்வாய், இணையத்தில் படித்திருப்பாய். வண்டியின் ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விட்டேன். ஒரே மூச்சில் எழுந்து நின்றது, இரண்டாம் முறை ஆடவில்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை. ஸ்பிரிங்கும் உடையவில்லை. ஷாக் அப்சார்பர் மேல் குற்றமில்லை. பிறகு டயரில் காற்றை அளந்தேன். நாற்பது. கதவோரத்து ஸ்டிக்கரில் முப்பது என்று போட்டிருக்கிறது. நாற்பது வைத்தது பஞ்சர் கடைக்காரர் இல்லை, நான். இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைத் துணி வேன் ஓட்டியவள். ஈர மூட்டை ஏற்றினால் நாற்பதுக்குக் குறைந்து வைக்க முடியாது. அந்தக் கை இன்னும் அப்படியே நிரப்புகிறது, ஒரு மெலிந்த மனிதரை மட்டும் ஏற்றிப்போகிறோம் என்று அதற்குத் தெரியவில்லை. முப்பதுக்கு இறக்கினேன். முதுகில் விழும் அடி பாதி குறைந்தது, பாதி மிச்சம் இருந்தது.

மீதிப் பாதியும் நான் செய்ததுதான், அதையும் எழுதிவிடுகிறேன், மாப்பிள்ளை வழியாக உனக்கு வருவதற்கு முன்னால். ஆபரேஷனுக்கு முந்தின மாதம் முன்சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளில் அதிர்வை வாங்கும் ரப்பர் புஷ் கிழிந்திருந்தது என்று நானே மாற்றினேன். ஜாக்கியில் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக முறுக்கிவிட்டேன். தொங்குகிற நிலையில் ரப்பரைப் பூட்டிவிட்டால், வண்டி தரையில் உட்கார்ந்ததும் அந்த ரப்பர் முறுக்கேறியபடியே கிடக்கும், சின்ன அதிர்வைக்கூட வாங்கிக்கொள்ளாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே முறுக்கு என்று ரிப்பேர் புத்தகத்தில் போட்டிருக்கிறது. படித்தும் இருக்கிறேன். புத்தகம் எழுதுகிறவர்கள் பக்கத்தை நிரப்ப எழுதுவது என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை பலகைகளை அடுக்கி, சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி, கட்டை கொடுத்து, எடையோடு நிற்கும்போதே அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தினேன். கடைசி போல்ட் விட்டதும் ஒரு முனகல் கேட்டது, வண்டி ஒரு விரல் உயரம் கீழே இறங்கி உட்கார்ந்தது. ஒரு புஷ் ஓரத்தில் கிழிந்திருந்தது, அந்தப் பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி அதை மாற்றி, மறுபடி பலகையில் இறக்கினேன். பிறகு நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் முறுக்கினேன். என் தோளில் இன்னும் வலி இருக்கிறது, அதை யாரிடமும் போனில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை உன் அப்பாவைக் கூட்டிப்போனேன். பிசியோதெரபி செய்கிற பெண் அவரை நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, இன்னிக்கு வரும்போதே நிமிர்ந்து வர்றீங்களே, எப்பவும் வந்து அரை மணி நேரம் படுக்க வெச்சாத்தானே நிமிருவீங்க" என்றாள். மூன்று மாதமாக அரை மணி நேரம் படுக்கவைத்திருக்கிறார்கள். நான் வெளியே வண்டிக்குக் காவல் இருந்திருக்கிறேன். திரும்பும்போது மார்க்கெட் தாண்டியதும், முதுகு இருப்பதே தெரியவில்லை என்று அவராகவே சொன்னார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். எனக்கு அப்போது ரோடு சரியாகத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

வண்டி இரும்பு என்று நீ நினைத்தது தப்பு. அப்பாவுக்கு வலிக்கிறது என்று நீ சொன்னது சரி. இரண்டில் எதற்கும் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அவரிடம் கேட்டாயிற்று. வண்டியை என் பெயருக்கு மாற்றும் படிவத்தை இதனோடு வைத்திருக்கிறேன், பென்சிலால் புள்ளி வைத்த இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டு, தபாலில் சேர்த்துவிடு. தரகரை நீயே கூப்பிட்டு வேண்டாம் என்று சொல். மாத முடிவுக்குள் சொல்லாவிட்டால் நான்கு சக்கரத்தையும் கழற்றி நீ படுக்கும் அறையில் அடுக்கிவிட்டு மிச்சத்தை எடுத்துப்போகச் சொல்வேன். செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்து வளைத்துக் கம்ப்யூட்டரில் உட்காராதே, முதுகு பிறவியில் ஒன்றுதான் கிடைக்கிறது. நீயும் உன் பெண்டாட்டியும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று. இனிமேல் அப்பா உன்னைக் கூப்பிட்டு வலிக்கிறது என்று சொன்னால் கேட்டுக்கொண்டு உட்காராதே. அம்மாகிட்ட சொல்லுங்க என்று சொல்லிப் போனை வை. நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா