பத்தாவது வாரம் பேசுகிறவன்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அத்தானும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் நம்பவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் நாடகத்துக்கு வருகிறேன்.

நாலு பக்கம் அந்த நீச்சல்குள நாடகத்தைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறாய். இத்தனை வருஷமாக நீ அங்கே, நான் இங்கே என்று ஒரே ஜப்பான் நாடகத்தை வாராவாரம் பார்த்துவிட்டுக் கடிதத்தில் அலசுகிறோம். ஒரு நாடகத்தின் மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. நாயகன் நீச்சல் கற்றுக்கொடுக்கிறவன். நாயகி அங்கே டிக்கெட் கொடுக்கிறவள், அவன் வீட்டிலேயே ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறாள். முதல் வாரம் சிரித்துப் பேசுகிறான். இரண்டாம் வாரம் வாயை மூடுகிறான். அவள் டீ கொண்டுபோய் வைத்தால் தண்ணீரைப் பார்க்கிறான். என்ன கோபம் என்று கேட்டால் தண்ணீரைப் பார்க்கிறான். பத்தாவது வாரம் மழையில் நனைந்துகொண்டு நாலே வாக்கியம் பேசுகிறான். தம்பி தண்ணீரில் மூழ்கிப் போய்விட்டானாம், அதனால் யாரையும் நெருங்கப் பயமாம். பின்னாலே பியானோ. முடிந்தது கதை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான், "இதை முதல் வாரமே சொல்லித் தொலைச்சிருந்தா அந்தப் பொண்ணு நிம்மதியா டிக்கெட் கிழிச்சிருக்குமே" என்றார். உன் அத்தான் நாடகத்தைப் பற்றி உருப்படியாகப் பேசியது அன்றைக்குத்தான்.

அந்த நடிகனை நீ மெச்சுகிறாய். 'கண்ணாலேயே பேசுகிறான்' என்று எழுதியிருக்கிறாய். அவனுக்குக் கண் எங்கே தெரிகிறது? நெற்றிமுடி என்று நாம் பெயர் வைத்ததே அதனால்தானே. முடிவெட்டிப் பிழைக்கிறவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். சோகம் என்றால் முடி கண்ணில் விழுகிறது, கோபம் என்றால் காற்றில் பறக்கிறது, காதல் என்றால் நனைகிறது. அத்தனை நடிப்பும் முடியுடையது. அதைத் தூக்கி ஒரு கிளிப் போட்டுவிட்டு நடிக்கச் சொல், சாயம் வெளுத்துவிடும்.

வினை என்னவென்றால், கல்லூரிப் பையன்கள் அவன் படத்தைப் போனில் காட்டி அதே மாதிரி வெட்டச் சொல்கிறார்கள். முடியோடு போனால் பரவாயில்லை, உம்மென்று இருப்பதும் அழகு என்று படித்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஒருத்தன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பின்னால் எவ்வளவு வைக்கணும் என்று அவன் அம்மா மூன்று தடவை கேட்டார். துரை கண்ணாடியைப் பார்க்கிறார். நான் கத்திரியை மேஜையில் வைத்துவிட்டு, "அம்மா கேக்கறாங்கல்ல, பதில் சொன்னாத்தான் கத்திரி நகரும்" என்றேன். உடனே வாயில் வார்த்தை வந்தது.

எல்லோரையும் திட்டவில்லை. பக்கத்து ரொட்டிக்கடைக்காரனாக வருகிறானே, காது விடைத்த பையன், அவன் நடிகன். மேஜையைத் துடைத்துக்கொண்டே "கால்வலி எப்படி இருக்கு" என்று அவளைக் கேட்கிறானே, அந்தக் கேள்விக்குள் அத்தனையும் இருக்கிறது. அவனுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது? ரயில் நிலையத்தில் ஒரு கையசைப்பு. இந்த நாடகங்களில் எப்போதும் இதே கதைதான். நல்லபடியாகப் பேசுகிறவன் இரண்டாம் ஆள், பேசாதவன் நாயகன். உன்னைக் கேட்டால் ரொட்டிக்கடைக்காரனிடம் மர்மம் இல்லை என்கிறாய். மர்மத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சுட்டுத் தின்பதா?

நாயகியாக வந்த சின்னப் பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆறாவது வாரம் அவள் இரண்டு தட்டு வைக்கிறாள். அவன் தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறான். அவள் அழவில்லை. ஃப்ரிட்ஜைப் பார்த்து "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சோ" என்கிறாள். பிறகு அவளே குரலைத் தடிப்பாக்கி "பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கு" என்று பதில் சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறாள். இருபது வயதுகூட இருக்காது அவளுக்கு, இதெல்லாம் எங்கே கற்றாளோ. நான் பாதியில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தக் காட்சியைப் பற்றி நீ எழுதியது ஒரே வரி. 'ஆறாவது வாரம் இழுவை, சாப்பாட்டுக் காட்சியை ஓட்டிவிட்டேன்.'

நீயா ஓட்டினாய்? சேர்ந்து பார்க்கிற நாளில், கடைசியில் பெயர் போடுகிற பகுதியை ஓட்டப்போனால்கூட என் கையைத் தட்டிவிடுகிறவள் நீ. படிக்கத் தெரியாத எழுத்தை, உழைத்தவர்களுக்கு மரியாதை என்று முழுசாகப் பார்க்கிறவள். நீ சுகம் என்பதை நான் ஏன் நம்பவில்லை என்று இப்போது தெரிகிறதா?

போன மாதம் உன் வீட்டில் வந்து தங்கினேனே, கண்ணை மூடிக்கொண்டா இருந்தேன்? உன் வீட்டுக்காரர் என்னிடம் தேனாகப் பேசுகிறார். பக்கத்து வீட்டுக்காரரிடம் மோட்டார் ரிப்பேரைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார். போனில் விழுந்து விழுந்து சிரிக்கிறார். உன்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நீ கையெட்டும் தூரத்தில் நிற்கும்போது, "சட்டை இஸ்திரி ஆகலைன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்று என்னிடம் சொல்கிறார். எந்தச் சட்டை என்று நீ கேட்டதற்கும் என் முகத்தைத்தான் பார்த்தார். என்ன குற்றம் என்று உன்னைக் கேட்டால், அவருடைய நண்பர் முன்னால் அவர் போட்ட கணக்கைத் திருத்திவிட்டாயாம். கணக்கு டீச்சர் கணக்கைத் திருத்தாமல் வேறு எதைத் திருத்துவாள்?

மறுநாள் காலையில் நான் பல் துலக்கும்போது பக்கத்தில் வந்து ரகசியமாகச் சொன்னாய், "இவரும் ஜப்பான் ஹீரோ மாதிரிதாங்க்கா, கடைசி வாரம்தான் பேசுவாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நான் நுரையைத் துப்பிவிட்டு வருவதற்குள் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டாய்.

அன்றைக்குச் சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன். அடியே, நாடகத்துக்குப் பத்து வாரம் என்று கணக்கு இருக்கிறது. அந்தப் பையன் பேச வேண்டியதை எழுதிக் கொடுக்க ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். உன் வீட்டில் எவன் எழுதி வைத்திருக்கிறான்? கல்யாணமாகி நாலு வருஷம், அதில் எத்தனை பத்து வாரம் போனது, நீயே கூட்டிப் பார். பேசாதவன் மனசுக்குள் தங்கம் இருக்கும் என்று அந்த நாடகங்கள் உன்னை நம்ப வைத்துவிட்டன. உன் வீட்டுக்காரர் மனசில் மூழ்கிப்போன தம்பி எவனும் இல்லை. அவர் வாயை மூடினால் நீ கெஞ்சுகிறாய். அது அவருக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

உன் கடைசிப் பக்கத்தை நான் பார்லரில் வைத்துத்தான் படித்தேன். ஒரு அம்மாவுக்குப் பாதித் தலை சாயம் பூசியிருந்தேன். 'நாயகி வெளியூரில் கிடைத்த வேலையை விட்டுக்கொடுத்த பிறகுதானே அவன் மனசு திறந்தது. நானும் இந்த மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் ராஜினாமா எழுதிக் கொடுக்கப் போகிறேன். வீட்டோடு இருந்தால் அவர் சரியாகிவிடுவார்.' இதைப் படித்தபிறகு எனக்கு எங்கே கை ஓடும்? மீதிப் பாதித் தலையை மறந்தே போனேன். முதலாளியம்மா கத்தின கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

ஒரு நாடகத்தைப் பார்த்துவிட்டு வேலையை விடுவாயா? பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் நாள் முழுக்க டீச்சர் டீச்சர் என்று உன் உயிரை எடுக்கின்றன. உன்னிடம் மனுஷர்கள் பேசுகிற இடம் அது ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வீட்டில் யாரோடு பேசுவாய்? ஃப்ரிட்ஜோடா?

மாடி அறையிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களை அத்தான் ஒழித்துக் கொடுத்துவிட்டார். கட்டில் போட்டாயிற்று. என்றைக்கு வேண்டுமானாலும் வா, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. எங்கள் வீட்டில் சண்டைக்குப் பஞ்சமில்லை. நேற்றுகூடக் குழாயை மூடவில்லை என்று இருவரும் தொண்டை வறளக் கத்தினோம். அந்தக் கத்தலோடேயே "உனக்கும் சேத்து டீ போடவா வேண்டாமா" என்று கேட்டார். நானும் கத்தியே போடச் சொன்னேன்.

நான் அவரை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. அது உன் வாழ்க்கை, நீ முடிவெடு. ராஜினாமாவை மட்டும் கொடுக்காதே. உன் அக்கா வேறு எதற்காகவும் உன்னிடம் கெஞ்சியதில்லை, இதற்காகக் கெஞ்சுகிறேன்.

நீ ஒன்று கேட்டால் பதில் ஒன்று வருகிற வீட்டில் நீ நீடூழி வாழ வேண்டும். அந்த வீடு எது என்று கடவுள் உனக்குச் சீக்கிரம் காட்டட்டும்.

இந்தக் கடிதத்தை உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்பவில்லை, பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்புகிறேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்று இது எனக்குத் திரும்பி வந்துவிடக் கூடாது.

உன்மேல் கோபமாக இருக்கும்,
அக்கா