டிசம்பரில் உப்பு வாரிய அம்மா

கோயம்புத்தூர்
12.9.2005

அப்பாவுக்கு, மகள் பூவிழி வணங்கி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உப்புத் தண்ணீரில் வெடித்த உங்கள் கால் ஆறியதா? மழை தொடங்கும்வரை உப்பளத்தில் வேலை இருக்குமே, எண்ணெய் தடவாமல் இறங்காதீர்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. போன வாரம் தமிழ்த் தேர்வில் சுனாமி பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். "விவரம் தெரியலன்னா சொந்தமா ஒரு சம்பவம் சேர்த்து எழுதுங்க, யாரும் போய்ப் பார்க்கப் போறதில்ல" என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். நானும் சேர்த்தேன். அன்று காலை என் அம்மா உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார், அதனால் அலையில் சிக்காமல் பிழைத்தார் என்று எழுதினேன். இருபதுக்குப் பதினெட்டு. வகுப்பில் வாசித்துக் காட்டினார்கள், எல்லோரும் கை தட்டினார்கள்.

டிசம்பர் மழையில் எந்த அளத்தில் உப்பு விளையும் என்று கேட்க இங்கே ஒருவரும் இல்லை, அப்பா. "அளத்துல வேலை இருந்திருந்தா அவ ஏன் மீன் கூடை தூக்கக் கடக்கரைக்குப் போவப்போறா" என்று, அம்மாவைப் புதைத்த அன்று நீங்கள் அழுதது காதிலேயே இருந்தது. அதனால்தான் அப்படி எழுதிவிட்டேன்.

விடுதியில் அறைத்தோழி கலைமதி, "உங்க அம்மா எப்படி இருக்காங்க?" என்று தினமும் கேட்கிறாள். சௌக்கியம் என்கிறேன்.

தேங்காய் எண்ணெயும் நாலு தபால் உறையும் அனுப்புங்கள். பதில் எழுதும்போது கடைசியில் "அம்மா நல்லா இருக்கா" என்று ஒரு வரி சேருங்கள். அறையில் இருக்கும் பிள்ளைகள் எனக்கு வரும் கடிதத்தைப் பிடுங்கிப் படிப்பார்கள்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் அந்த வரியைக் கேட்கிறேன், அப்பா.

பூவிழி