அஞ்சலி நோட்டீசுக்கு நாலு வரி

இன்று காலை ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பும் பஸ்ஸில், ஷிப்ட் முடிந்த ஒரு மில்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு. எண்ணெயும் தூசியும் கலந்த அந்த வாசனை உனக்குத் தெரியாததா? உட்கார்ந்ததும் இருமினார். நான் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டேன். நோய்க்குப் பயந்து நகர்கிறான் என்று நினைத்திருப்பார், நினைத்துவிட்டுப் போகட்டும். நீ செத்து ஏழு வருஷமாகிறது. அந்த இருமலுக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தமிழ் படித்தோம். எண்பதுகளின் தொடக்கத்தில் உன் அப்பா இறந்ததும் அவர் வேலையை வாங்கிக்கொண்டு நீ மில்லுக்குப் போனாய், பஞ்சு சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவுக்கு. நான் மேலே படித்துக் கல்லூரி வாத்தியாரானேன். வார லீவில் நீ ஸ்ரீவில்லிபுத்தூர் வருவாய். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த டீக்கடையில், மில் சீட்டுகளின் பின்பக்கம் எழுதிய கவிதைகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போடுவாய். நான் பென்சிலை எடுப்பேன். இது படிமம், இது முரண், இது குறியீடு என்று ஓரமெல்லாம் எழுதித் தள்ளுவேன்.

ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "மில்லுல டெஸ்டிங் ரூம்னு ஒண்ணு உண்டுலே. அங்க ஒருத்தன் நூலுக்கு எம்புட்டு முறுக்குன்னு எண்ணிச் சொல்லுவான். சரியாத்தாம் சொல்லுவான். அறுந்த இழைய ஒட்டச் சொன்னா முழிப்பான். நீ அந்த ஆளு."

எனக்குச் சுருக்கென்றது. "எண்ணிச் சொல்ல ஆளில்லன்னா உன் நூலை எவன் வாங்குவான்?" என்றேன். நீ சிரித்தாய். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. சீட்டுகளையெல்லாம் நானே வாங்கி வைத்துக்கொண்டேன், உன் வீட்டில் இருந்தால் அடுப்புக்குப் போய்விடும் என்று சொல்லி. உண்மையில் என் ஆய்வுக்கு அவை தேவைப்பட்டன.

பிறகு இந்தக் கவிதையைக் கொண்டுவந்தாய்:

முதல் படியில் வீடு தெரிகிறது.
இரண்டாம் படியில் விளக்கு.
மூன்றில் உட்கார்ந்துவிட்டேன்.
மேலிருந்து இறங்கி வந்து
கையை நீட்டுகிறாள்.

ஊரில் நடந்த இலக்கியக் கூட்டத்தில் இதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். படிகள் உழைப்பவன் கடக்க வேண்டிய கட்டங்கள். நீளும் கை வரலாற்றின் கை. நல்ல கைதட்டல். நீயும் உன் மனைவியும் கடைசி வரிசையில் இருந்தீர்கள். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்து நின்றுகொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாய்: "நல்லாத்தாம் பேசுனலே. ஆனா மாடி வீட்டுக்கு ஏற முடியல. மூணு படிக்கு மேல மூச்சு வரமாட்டேங்கு. அதாம் எழுதுனேன்."

"எழுதினவன் சொல்றதை வாசகன் கேக்கணும்னு இல்ல" என்றேன். டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்கவில்லை. மூச்சு முட்டுகிறவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், நான் அவனுக்குத் திறனாய்வு சொல்கிறேன். என்ன ஜென்மம் நான்.

அடுத்த மார்கழியில் உன்னை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரல் கெட்டுப்போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நீ போன அன்று காலை உன் மச்சினன் வந்தான். "அக்கா சொல்லுச்சுண்ணே. அஞ்சலி நோட்டீசுக்கு நீங்கதான் நாலு வரி எழுதித் தரணுமாம்."

ராஜபாளையத்தில் அச்சகத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். உன் போட்டோவுக்கு அச்சு பிளாக் தயாராக இருந்தது, கீழே நாலு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். எழுதினேன். தேய்ந்த உவமை, அடித்தேன். மறுபடி எழுதினேன். எதுகை துருத்திக்கொண்டு நின்றது, அடித்தேன். கவிதை பற்றி நாற்பது பக்கம் எழுதுகிற கைக்கு உனக்காக நாலு வரி வரவில்லை. பையிலிருந்து உன் சீட்டுகளை எடுத்துப் புரட்டினேன். இவன் எப்படித்தான் எழுதுகிறான் என்று பார்த்துச் செய்துவிடலாம் என்ற எண்ணம். பக்கத்துக்குப் பக்கம் என் பென்சில் எழுத்துதான் கண்ணில் பட்டது.

அச்சகக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். "பாடி எடுக்க நேரமாகுது சார். அச்சுக் கோத்த வாசகம் ஒண்ணு இருக்கு. எல்லாருக்கும் அதுதான் போடுதோம். பேரை மட்டும் மாத்திருவோமா?"

தலையாட்டினேன். மத்தியானத்துக்குள் பஸ் ஸ்டாப்பிலிருந்து மில் கேட் வரைக்கும் ஒட்டிவிட்டார்கள். உன் முகம், கீழே எவனுக்கோ எவனோ எழுதிய வரிகள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து கிளம்பும்போது உன் மனைவி வாசலுக்கு வந்தாள். கோபமில்லை, ஒரு சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்: "ஏண்ணே, அவிய எழுதுனதுலயே ஒண்ணப் போட்டிருக்கலாமே? அந்தப் படிக் கவிதைய. அதுல நானும் இருக்கேன்ல?"

அச்சகத்தில் அது என் மடியில் கிடந்தது. எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து ஓரக்குறிப்புகளையெல்லாம் ரப்பரால் அழித்தேன். மொத்தச் சீட்டையும் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அவள் அந்தக் கவிதையைத் தேடியெடுத்து, உதடு அசைய வாசித்தாள். கடைசி வரியின் ஓரத்தில் பென்சில் அழுந்திய தடம் போகாமல் இருந்தது. அதைத் தடவிப் பார்த்தாள்.

"இங்க என்னமோ எழுதி அழிச்சிருக்கீகளே, என்னதுண்ணே?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி" என்றேன்.

உனக்காக அந்த நாலு வரியை எழுத இன்னும் உட்காருகிறேன். எழுதி முடித்ததும் அதில் என்ன குறை என்று தெரிந்துவிடுகிறது, அடித்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தையும் இப்போது ஒருமுறை படித்துப் பார்த்தேன். இதுவும் விளக்கவுரைதான்லே.